பதினோராவது கையெழுத்து

உன் வீட்டுக் கொடியில் இன்று காலை அந்தக் கோடு போட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் சிவப்பும் கறுப்புமாக இருந்தது. இப்போது செங்கல் நிறமும் சாம்பல் நிறமும். நீ செத்துப்போய் நாற்பது நாளாகிறது. உன் சம்சாரம் உன் துணிகளைத் துவைத்து மடித்து வைக்கிறாள். "அண்ணே, இத யாருக்காச்சும் குடுத்துறவா?" என்று கேட்டாள். "என்கிட்ட ஏன் கேக்குற" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரே லயத்து வரிசை வீட்டில் உன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பதினாலு வருடம் அதன் இரண்டு பக்கமும் இருமியே காலத்தை ஓட்டினோம். உன் இருமல் நின்ற பிறகுதான் உன்னிடம் பேச வருகிறது எனக்கு.

சமாதானம் பேச இதை எழுதவில்லை. உதைபந்தில் கோலை விட்டுப் போனவன் போனவன்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த மைதானத்தை யார் வெட்டினது? தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கீழே, ஆற்றைப் பார்த்துச் சரிந்து கிடந்த கல்லுமேடு அது. நம் தோட்டத்தில் நேராக நிற்க இடம் கிடையாது. எங்கே நின்றாலும் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொடுத்து, மண்வெட்டியும் அலவாங்குமாக அதைச் சமப்படுத்தினோம். பந்து ஆற்றுக்கு உருளாமல் இருக்கக் கீழ்வரம்பில் கொழுந்துக் கூடைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்தோம். சவுக்கு மரத்தில் கோல்கம்பம் செய்தது நான். ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிறவனுக்கு அது பெரிய வேலையில்லை. எனக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது. ஆடுவதை விட்டுவிட்டு அணியை நடத்தினேன். பெட்டியில் குத்துகிற எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கற்ற இங்கிலீசை வைத்து ஆட்ட விதிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கோலில் நீ நின்றாய். கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன உன் கையில் பட்ட பந்து, நீயாக விட்டால்தான் வெளியே போகும்.

அட்டன் டவுனில் உதைபந்துச் சங்கம் வைத்திருந்தவர்கள் தோட்டங்களிலிருந்து புதிய அணிகளைத் தேடினார்கள். நம்மைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். சொந்த மைதானமும் பதினொரு பேர் கையெழுத்தும் இருந்தால் போதும். அந்தச் செய்தி வந்த அன்று லயத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. டவுனில் ஆடலாம், பொகவந்தலாவைக்கும் ராகலைக்கும் பஸ்ஸில் போய் ஆடலாம். வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களமும் மலையும் லயமும் தவிர வேறு ஓர் இடத்தில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் பெரியதுரைக்கு அடுத்த வெள்ளைக்காரரான புதிய சின்னத்துரை முட்டை மாதிரி ஒரு பந்தோடு வந்தார். றகர் என்றார், ரக்பி ஆட்டம். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்; கிளப்புகளில் ஆட ஆள் குறைந்துவிட்டது. ஆட்டம் செத்துப்போகாமல் இருக்கத் தோட்டத்துக்கு ஓர் அணி என்று திரட்டப் பார்த்தார். இப்படி ஒரே மைதானத்துக்கும் ஒரே பதினொரு பேருக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் கொக்கி விழுந்தது.

முதல் நாள் அதைப் பார்த்து லயமே சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "தூக்கிக்கிட்டு ஓடத்தானே போறாங்க, பந்து எதுக்கு? கொழுந்துக் கூடையக் குடுத்தா நாங்களே ஓடிக் காட்டுவோமே" என்றாள் உன் சம்சாரம். அப்போது உனக்குப் புதுசாகக் கல்யாணமாகியிருந்தது. "ஏன் ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கெடக்குறாங்க?" என்று ஒருத்தி கேட்க, "கீழ எவனோ பணிஸ் வச்சிருக்கான்" என்றாய் நீ. பணிஸ் என்று நீ விளையாட்டுக்குச் சொன்னது மெய்யாகிவிட்டது. றகர் பார்க்க வருகிறவர்களுக்குத் துரை பணிஸ் ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுக்க ஆரம்பித்தார். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான பணியக்கணக்கு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. மேல்பிரிவான மேக்கணக்கு மட்டும் நம்மோடு நின்றது. ஒரு ஞாயிறு நாம், ஒரு ஞாயிறு அவர்கள். சொந்தக்காரர்களே தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எதிர் எதிராக நின்று, எது ஆட்டம் என்று சண்டை போட்டார்கள்.

அதே பீலிக்கரையில்தான் நீயும் சொன்னாய்.

"அண்ணே, நான் துரை பக்கம் ஆடப் போறேன்."

"எந்தப் பக்கம்?"

"அதான்… கையில புடிக்கிற பக்கம்."

"ஏன், நம்ம பந்து ஒன் கையில ஒட்டலியா?"

"அப்படி இல்லண்ணே. ஒரு காரியம் இருக்கு. பெறகு சொல்றேன்."

"பெறகு சொல்றவன் பெறகே வா" என்று சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்ன காரியம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று உன் சம்சாரம் போன வாரம் சொன்னாள். நீ சொல்லியிருக்கலாம் என்று நான் சொன்னேன்.

அட்டனிலிருந்து சங்கத்துக்காரர் பஸ் பிடித்து வந்த ஞாயிறு அவர்களுடைய ஞாயிறாக அமைந்துவிட்டது. மனுசன் டவுனில் தையல்காரர், நல்லவர். நம் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய உயரமான கம்பங்கள் நட்டிருந்ததைப் பார்த்தார். பெட்டிப் பலகை மேல் தாளை விரித்தார். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் நாலு பேர் கைநாட்டு.

"இன்னும் ஒருத்தர்" என்றார்.

"கோல்காரன் வருவான்."

"வரலேன்னா வேற ஒருத்தர் பேரப் போடுங்க. இந்தா, இவரு சும்மாதானே நிக்கிறாரு."

"அவன் கோல்காரன் இல்ல."

"பேருக்குத்தானேங்க. பெறகு மாத்திக்கலாம்."

"பேருக்கு நான் ஒண்ணும் செய்றதில்லைங்க."

நாலு மணி பஸ் வரைக்கும் அவர் காத்திருந்தார். நீ முப்பது அடி தூரத்தில், கோடு போட்ட சட்டையில், அந்தப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாய். ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தாய். நானும் கூப்பிடவில்லை. அவர் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸேறினார். நம் இடம் வேறு தோட்டத்துக்குப் போனது. மற்ற பத்துப் பேரும் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை நான் உன் கணக்கில்தான் சேர்த்தேன். வேறு யார் கணக்கில் சேர்ப்பது?

றகர் பருவம் முடிந்து, தோள் எலும்பு முறிந்து, இடது கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு நீ என் வாசலுக்கு வந்தாய். இந்த நாட்டுக் குடிமக்களாகப் பிரசாவுரிமைக்கு மனுப் போடக் கொடுத்த தவணை முடியப்போகிற நேரம். இங்கேயே இருந்தோம், இங்கேயே வேலை செய்தோம் என்று காட்ட வேண்டும். வேலை நாள் பதிந்த நம் தோட்டத்துப் பழைய செக்ரோல் புத்தகங்களோ கூரை ஒழுகி மக்கிப் போயிருந்தன. துரை எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. துரையிடம் போய் நிற்க மாட்டேன் என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

"அண்ணே, இது ஒங்களுக்கு" என்று ஒரு உறையை நீட்டினாய். "துரைகிட்ட ரெண்டு கடுதாசி கேட்டேன். எனக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ஒண்ணு. ஒரு சீசன் ஆடு, தாறேன்னாரு. முன்னாடியே சொன்னா வேணாம்னு தடுத்துருவீங்க."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் யோசிக்காமல் உறையை அதில் எறிந்தேன். யோசித்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ பாய்ந்து வலது கையை நெருப்புக்குள் விட்டாய். உன் கைக்கு ஒன்று தப்பிப் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பந்து வேற, இது வேற அண்ணே" என்று மட்டும் சொன்னாய். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு.

அந்தச் சின்னத்துரையும் கப்பலேறினார். அவரோடு றகரும் போனது, பணிசும் போனது. பின்னால் வந்த துரை மைதானத்தில் தேயிலைக் கன்று நட்டார். உனக்குப் பிரசாவுரிமை வந்தது. ஓட்டுப் போடுகிற நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என் வாசலைத் தாண்டும்போது மட்டும் மெதுவாக நடப்பாய். எனக்குக் கேட்கக் கூடாது என்று. எனக்குக் கேட்கும்.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கத்து அரசாங்கமும் இந்தப் பக்கத்து அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. என் அப்பன் திருச்சிப் பக்கம் ஏதோ ஊரிலிருந்து வந்தவர். நான் கடலையே பார்த்ததில்லை. போகவும் இடமில்லை, இருக்கவும் உரிமையில்லை. போன திங்கட்கிழமை ஒப்பீசுக்குக் கூப்பிட்டார்கள். கிளாக்கர் புதுப் பையன்.

"பழைய காயிதம் ஏதாச்சும் இருக்கா பெரியவரே? துரைமாருங்க குடுத்த கடுதாசி மாதிரி?"

"ஒண்ணு இருந்திச்சி."

"எங்க அது?"

"எரிச்சிட்டேன்."

"நீங்களேவா? எதுக்கு?"

"கோலுக்கு ஆள் இல்லாமப் போச்சி."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடமும் சொன்னார், அவரும் சிரித்தார். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அது சிரிக்கிற கதை இல்லை என்று தெரிந்தவன் இந்தத் தோட்டத்தில் நீ ஒருவன் இருந்தாய். இனி அதை நான் தனியாகத்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.