ஹில்ஸ்பரோ வீட்டுக்கு எந்தக் காபி

ஹில்ஸ்பரோ, ஆக்லாந்து
8 ஜூன் 2024

அன்புள்ள சிசிலியா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவது பின்வருமாறு. வரிசை பிசகினால் மன்னிக்கவும்.

1. தாங்கள் குடிக்கும் இன்ஸ்டன்ட் காபி.
2. நான் குடிக்கும் ஃபில்டர் காபி.
3. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒரே காபி குடிக்க வேண்டும் என்பது.
4. இரண்டுக்கும் மாற்றாகக் காபி பேக் சரிப்படுமா என்ற சோதனை.
5. வியாழக்கிழமை தாங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்.

கேள்வியை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நியூ லின் நூலகத்தில் நம் தமிழ்க் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கேட்டீர்கள்: "ஐயா, உங்கட ஹில்ஸ்பரோவில கடல் பாக்கிற மாதிரி ஒரு வீடு வாடகைக்கு வருது. ரெண்டு அறை. நீங்களும் தனிய, நானும் தனிய. சேர்ந்து எடுப்பமோ?" நான் "பஸ் வந்துவிட்டது" என்றேன். வந்தது என் பஸ் இல்லை. ஆனாலும் ஏறிவிட்டேன். ஒடாஹுஹு போய்ச் சேர்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. தூறலுக்காக அங்கே ஒரு கடையில் ஒதுங்கினேன். அங்கேதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். டீ பேக் போலவே சின்னச் சின்னப் பைகள். உள்ளே வறுத்து அரைத்த காபித்தூள்.

முதல் குறிப்பு. இன்ஸ்டன்ட் காபியை நான் குறை சொல்ல மாட்டேன். கூட்டத்தில் தாங்கள் கலக்கித் தருவதை ஒவ்வொரு வாரமும் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேன். அதில் காபி எங்கே இருக்கிறது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாவது. என்னிடம் இருக்கும் பித்தளை ஃபில்டர் என் மனைவி தமயந்தியுடையது. அவள் இறந்த பிறகும் தினமும் அதில்தான் டிகாஷன் போடுகிறேன். அதில் இன்னொருவருக்குக் காபி போட்டால் அவள் என்ன நினைப்பாளோ தெரியவில்லை. போடாவிட்டால் தாங்கள் என்ன நினைப்பீர்களோ, அதுவும் தெரியவில்லை.

மூன்றாவது. தமயந்தியும் நானும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே டிகாஷனில்தான் குடித்தோம். ஒரு வீடு என்றால் அப்படித்தான் என்பது என் எண்ணம். ஆகவே தங்களுடையதும் இல்லாத, அவளுடையதும் இல்லாத ஒரு காபி வேண்டும்.

நான்காவது. சோதனையை இன்று காலை தொடங்கினேன். கொதிக்கும் பாலில் ஒரு பையைப் போட்டு மூடிவைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். நான் இருக்கும் பின்கட்டு அறைக்கு முன்னால்தான் மகன் அகிலின் வீடு இருக்கிறது, அதுகூடக் கரைந்துபோயிருந்தது. என் ஒற்றையறை மட்டும் ஓடம் மாதிரி எங்கோ மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. எவ்வளவு நேரம் நின்றேனோ. மூடியைத் திறந்தால் பால் துவைத்த வேட்டி நிறத்தில் இருந்தது.

ஐந்தாவதுக்கு வந்தபோது தாள் முடிந்துவிட்டது. பின்பக்கம் இருக்கிறதே என்பீர்கள். மை ஊறுகிறது.

தங்கள் நலம் விரும்பும்,
இரா. திருநாவுக்கரசு

*

நியூ லின்
13 ஜூன் 2024

அன்பின் திருநாவுக்கரசு ஐயாவுக்கு,

நான் சுகம். முழங்காலும் என்னோடதான் இருக்கு. எனக்கு உங்களைப்போல எழுத வராது, கதைக்கிற மாதிரியே எழுதுறன்.

உங்கட காயிதம் வாசிச்சுச் சிரிச்சதில கோப்பி மூக்கால வந்திட்டுது. பேர் திருநாவுக்கரசு. ஒரு கேள்வி கேட்டால் பஸ்ஸில ஏறி ஓட்டம்! நான் ரோட்டில நிண்டு கை காட்டுறன், நீங்கள் கண்ணாடிக்குள்ளால சாமிப் படம் மாதிரிப் பாத்துக்கொண்டு போறீங்கள். இண்டைக்குக் கூட்டத்துக்கும் வரேல்லை.

பாலுக்குள்ள போட்டால் அது ஊறுமோ ஐயா? கேத்தல் கொதிச்ச உடன தண்ணியில ஊறவிட்டுப் பிறகு பால் விடுங்கோ. பெட்டியில படமே போட்டிருப்பாங்கள். ரசாயனம் படிப்பிச்ச வாத்தியாராம், கடவுளே!

சரி, பகிடி போதும். பெர்த்தில மகள் ஜெனுஷா எனக்கு அறை ஒதுக்கி வச்சிருக்கிறா. "அம்மா, தனிய இருந்து என்ன செய்யிறீங்கள்? வாங்கோ" எண்டு ஒவ்வொரு நாளும் போன். நல்ல பிள்ளைதான். ஆனா அங்க நான் அவையின்ர வீட்டு விருந்தாளி. இஞ்ச எனக்கு ஆக்கள் இருக்கினம், மாதா கோயில் இருக்கு, வியாழக்கிழமை இருக்கு. டொமினிக் செத்த பிறகு தனிய இருந்து பழகிட்டன் எண்டு எல்லாருக்கும் சொல்லுறனான். பழகேல்லை.

கலியாணம், கிலியாணம் எண்டு பயப்படாதேங்கோ. ரெண்டு அறை, ஒரு குசினி. கதைக்கிற ஆக்களுக்கு நான் பதில் சொல்லுவன், பாதருக்கும் நானே சொல்லுவன். வீட்டு ஏஜென்ட் மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பாராம். நீங்கள் ஓம் எண்டால் வீடு, இல்லை எண்டால் நான் பெர்த்துக்குப் போறன். கோவமில்லை. ஆனா போறன்.

மை ஊறினாலும் பரவாயில்லை, பின்பக்கம் எழுதுங்கோ.

சிசிலியா

*

ஹில்ஸ்பரோ
18 ஜூன் 2024

அன்புள்ள சிசிலியா அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். "பழகேல்லை" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன்.

பெட்டியில் படம் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. சோதனை தொடர்ந்தது. முதலில் ஒரு பையைக் கத்தரித்து, உள்ளிருந்த தூளை ஃபில்டரில் கொட்டி வெந்நீர் ஊற்றினேன். தூள் கரகரப்பாக இருந்ததால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிட்டது. கீழே சேர்ந்ததைப் பார்த்திருந்தால் தமயந்தி நாள் முழுக்கச் சிரித்திருப்பாள்.

பிறகு தாங்கள் சொன்ன முறை. ஆனால் கொஞ்சம் தண்ணீரில் இரண்டு பை. ஊறியதும் கரண்டியால் அழுத்திப் பிழிந்து, காய்ச்சிய பாலைச் சேர்த்தேன். முதல் வாய் நன்றாகவே இருந்தது, வியப்பாகவும் இருந்தது. கோப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. கனவில் தாங்கள் சொன்ன அந்த வீட்டில் இருந்தேன். மானுக்காவ் துறைமுகத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல், சேற்றுத் திட்டுகளை ஒவ்வொன்றாக மூடியபடி. யாரும் பேசவில்லை. ஆனால் பேசி முடித்த பிறகு ஓர் அறையில் தங்கும் வெதுவெதுப்பு இருந்தது. அங்கே எனக்குப் பயமே இல்லை. விழித்தபோது கோப்பை ஆறியிருந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். சோதனை என்றால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். மூன்றாம் நாள் அதே காபியைக் குடித்தபோது என்ன குறை என்று புரிந்தது. அது யாருடைய காபியும் இல்லை. ஹோட்டல் அறையில் குடிப்பது போல இருக்கிறது. பையைப் பிரிக்கும்போதே நாளைக்குக் கிளம்ப வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஆகவே பொதுவான காபி கிடைக்கவில்லை. அது இல்லாமல் ஒரு வீடு நடக்காது. அகிலிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லும் தைரியமும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தாங்கள் பெர்த் போவதே நல்லது என்று படுகிறது. அங்கே குளிர் குறைவு. முழங்காலுக்கு நல்லது.

தங்கள்,
இரா. திருநாவுக்கரசு

*

நியூ லின்
24 ஜூன் 2024

அன்பின் ஐயாவுக்கு,

உங்கட முடிவு கிடைச்சுது. ஒரு கோப்பிப் பெட்டி என்னைத் தோற்கடிச்சிட்டுது. இதை மகளுக்கு எப்பிடிச் சொல்லுறது?

போன வியாழனும் நீங்கள் கூட்டத்துக்கு வரேல்லை. ரெண்டு நாள் கோவமாய் இருந்தன். இப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. முழங்காலுக்கு நல்லதாம்! முழங்காலைப் பற்றி உங்களிட்ட ஆர் கேட்டது?

ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. டொமினிக் குடிச்சது வேர்க்கொம்பும் (நீங்கள் சுக்கு எண்டுவீங்கள்) மல்லியும் போட்ட கோப்பி. மன்னாரில இருந்து இஞ்ச வந்த பிறகும் அதுதான். எனக்கு அந்த மணம் தலையிடி. நான் என்ர போத்தல் கோப்பி. ஒரே அடுப்பு, ஒரே மேசை, ரெண்டு கோப்பி. சாகிற வரைக்கும் அப்பிடித்தான். "உன்ர கோப்பி சட்டி கழுவின தண்ணி" எண்டுவார். "உங்கட கோப்பி தடிமன் காய்ச்சலுக்குக் குடிக்கிற மருந்து" எண்டுவன். நாங்கள் சண்டை பிடிச்ச விசயங்கள் வேற, அதைச் சொல்லப்போனால் தாள் காணாது. ஆனா ரெண்டு கோப்பி எண்டதால எங்கட வீடு வீடில்லாமப் போகேல்லை.

அந்தப் பித்தளைச் சாமானை நீங்கள் ஏன் ஒளிக்கப் பாக்கிறீங்கள் எண்டு எனக்கு விளங்குது. ஒளிக்க வேண்டாம். தமயந்தி அக்கா வாறதெண்டால் வரட்டும். டொமினிக்கின்ர படமும் என்னோட வரும். அவை ரெண்டு பேரும் தங்களுக்குள்ள கதைச்சுக்கொள்ளட்டும்.

எனக்கு உங்கட காபி வேண்டாம் ஐயா. காலமை கண் முழிக்கேக்க குசினியில ஆரோ கோப்பை வைக்கிற சத்தம் கேக்க வேணும். அவ்வளவுதான் நான் கேட்டது.

வெள்ளிக்கிழமை ஜெனுஷாவுக்குப் பதில் சொல்லப்போறன். அதுக்குப் பிறகு எழுதினால் அந்தக் காயிதம் பெர்த்துக்குத்தான் வர வேணும்.

சிசிலியா

*

ஹில்ஸ்பரோ
27 ஜூன் 2024, வியாழன்

அன்புள்ள சிசிலியாவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. இன்று கூட்டத்துக்கு நானே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பதாக இருக்கிறேன். பஸ் வந்தாலும் ஏற மாட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அகிலிடம் சொன்னேன். மனத்துக்குள் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்தது எல்லாம் வாசற்படியிலேயே மறந்துவிட்டது.

"அகில், நான் வேற வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன்."

"ஏன்ப்பா, இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. நூலகக் கூட்டத்துக்கு ஒரு அம்மா வருவாங்க..."

"மன்னார் அம்மாவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் சிரித்தான். "வாரம் பூரா கசங்கின சட்டை, வியாழக்கிழமை மட்டும் இஸ்திரி. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

பிறகு சிரிப்பை நிறுத்தினான். கண் கலங்கியிருந்தது. கோபமோ என்று பயந்தேன். "அம்மாவோட ஃபில்டரையும் எடுத்துட்டுப் போங்கப்பா. அது தெனமும் சொட்டிட்டு இருக்கணும்" என்றான். எழுந்துபோய், எனக்கு நல்லதாக ஒரு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டான்.

இன்று காலை அந்த வீட்டுக்கு நடந்துபோனேன். பனி இன்னும் விலகவில்லை. கடல் எது, வானம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெண்மை. அதன் நடுவில் வீடு நின்றிருந்தது. டூயிப் பறவை ஒன்று கூரையில் உட்கார்ந்து தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மேடை அகலமாக இருக்கிறது. உங்கள் கேத்தலை வைத்த பிறகும் இடம் மிஞ்சும். அந்தக் கண்ணாடியில் என் முகம் ஆவியாகப் படிந்து மெல்ல மறைந்தது. நான் ஏற்கனவே உள்ளே போய்விட்டதாகத் தோன்றியது. உள்ளே இருந்தவன் அவசரமில்லாமல் இருந்தான். வெளியே நின்றவனுக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். குறட்டை விடுவேன். பேசாமல் நாட்களைக் கடத்திவிடுவேன். உங்கள் கோயில் ஆட்கள் வந்தால் அறைக்குள் போய்விடுவேன் என்று நினைக்கிறேன். இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஏஜென்டைக் கூப்பிட்டு நம் இருவர் பெயரையும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். உங்கள் பெயரைக் கேட்காமல் கொடுத்ததற்கு மன்னியுங்கள்.

முதல் கடிதத்தின் ஐந்தாவது குறிப்புக்கு என் பதில்: ஓம்.

ஒரே வீட்டுக்கு ஒரே காபி என்ற மூன்றாவது குறிப்பு தவறு.

திருநாவுக்கரசு