காரிநங்கையின் வாசலுக்கு இட்ட காவலாணை

கடல்சூழ் ஏழில்கரை நாட்டைப் புரக்கும் பொறைவேள் மன்னரின் அறமன்றத்து அமைச்சன் ஆலஞ்சாத்தன், கண்டல்துறைக் கோட்டத் தலைவர் பெருமதிப்பிற்குரிய எயினங்கீரனார்க்கு வரையும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் நலமே கரைசேர்க. தங்கள் குடிகள் மனைதோறும் அச்சமின்றி வாழ்க.

தங்கள் கோட்டைக் காவற்படைத் தலைவன் வெளியன்பூதன் தன் மனைவி காரிநங்கையை ஆறாண்டுகளாய் அடித்து வந்ததும், அவள் முறிந்த கையோடு மூன்று நாள் நடந்து இம்மன்றம் வந்ததும் தாங்கள் அறிந்தவையே. அவள் வந்தது அது மூன்றாம் முறை என்பதைத் தாங்கள் அறியீர். முன்னிரு முறையும், கணவன் மனைவி பூசலில் மன்றம் தலையிடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன் யானே.

இம்முறை அவள் கையைக் கண்ட பின் அவ்வாறு சொல்ல எனக்கு நா எழவில்லை. வேண்டுவது யாது என வினவினேன்.

"அவருக்குத் தண்டனை வேணாம் ஐயா. என் வாசப்படிய மிதிக்காம இருந்தாப் போதும்" என்றாள்.

மனை அவளுக்கும் அவள் மகளுக்கும் உரியது, பூதன் அத்தெருவில் கால்வைத்தல் ஆகாது, மீறின் சிறை என்று அன்றே இடைக்கால ஆணை பிறப்பித்தேன்.

பூதன் மன்னரிடம் மேல்முறையிட்டான். தன் மனைக்குள் தான் புகத் தடை விதிப்பது படைத்தலைவர் அனைவர்க்கும் இழுக்கு என வாதிட்டான். பண்டு போர்க்களத்தில் மன்னர் உயிரைக் காத்தவன் அவன். ஆதலின் ஆணை நில்லாது என்றே அஞ்சினேன். ஆயினும் காரிநங்கையின் அண்டை வீட்டுக் கொற்றி என்னும் செக்காட்டி மனைவி, மன்னர் முன் வந்து, சுவருக்கு அப்பால் தான் கேட்ட அலறல்களை நடுங்காமல் உரைத்தாள். அதைக் கேட்ட மன்னர், தம் உயிரைக் காத்ததற்கு நன்றி செலுத்த வேண்டியவர் தாமேயன்றி அப்பெண் அல்லள் என்று கூறி, ஆணையை நிலையாக்கினார். பூதன் தங்கள் கோட்டைப் பொறுப்பு நீங்கி, வாளின்றி வடமலைக் காவலுக்குச் செல்கின்றான்.

தீர்ப்பைக் கேட்ட காரிநங்கை அழவில்லை. மன்றத் தூணில் சாய்ந்தமர்ந்து தண்ணீர் கேட்டாள். மூன்று செம்பு குடித்தாள்.

ஆகவே, இவ்வோலை கண்ட நாளிலேயே அவ்வாணையைத் தங்கள் ஊர்மன்றில் உரக்கப் படிக்கச் செய்து, அவள் தெருவில் காவலர் இருவரை நிறுத்துக. இனி அடிபட்டு வரும் எந்தப் பெண்ணையும் மன்றம் கேளாது அனுப்புதல் கூடாது. அனுப்புவோர் பதவி இழப்பர். இவ்விதி முதற்கண் என்னையே கட்டும்.

மன்னர் திருவாய்மொழிப்படி எழுதி, சங்கு முத்திரை பொறித்து விடுத்தேன். அறம் நிற்க.