ஆலிவ் பூத்த வாரத்தில் கல்யாணம்

ஹயேன், மே 21

அன்பு மகன் லூசியோவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பா உட்பட. அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால்தான் மிச்சத்தை நீ பதறாமல் படிப்பாய். நார்வேயில் குளிர் விட்டதா, நெஞ்சு எப்படி இருக்கிறது? கப்பலில் லீவு கிடைக்காமல் தங்கை நியெவெஸ் கல்யாணத்துக்கு வர முடியவில்லையே என்று நீ குமைந்துகொண்டிருப்பாய், அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன். அவள் மே மாதத்தில் தேதி வைத்தபோதே நான் சண்டை பிடித்தேன். ஆலிவ் பூக்கிற மாதம், மகரந்தம் மஞ்சள் மாவாய்க் கார் மேல் படிகிற மாதம், அந்த நாலு வாரமும் உன் அப்பா ஆஸ்துமாவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடப்பது உனக்குத் தெரியாததா? ஆனால் மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விடுமுறை, குன்றின் மேல் உள்ள மாதா கோயிலும் அப்போதுதான் காலி. சித்தப்பா அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போகட்டும் என்று நான் சொன்னதற்கு, "என் பொண்ண நான்தான்டி கூட்டிட்டுப் போவேன்" என்று உன் அப்பா கத்தினார், கத்திவிட்டு அரை மணி நேரம் இருமினார்.

அந்த இருமலோடேயே மார்ச்சில் அவரைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனேன். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெனில்தே மருந்தை மாற்றச் சொல்வாள் என்று பார்த்தால், தினமும் போடுகிற இன்ஹேலரை என் முன்னால் ஒருதடவை போட்டுக் காட்டுங்கள் என்றாள். இவரும் பெருமையாக வாயைத் திறந்து, புஸ்ஸென்று அடித்து, வாயை மூடி விழுங்கினார். "அண்ணே, பதினோரு வருஷமா நாக்குக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க, நெஞ்சுக்கு ஒரு சொட்டு போகல" என்றாள் அவள். அந்த மருந்து வெறும் ஏமாற்று என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷனின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ! பிறகு குலுக்குவது, மூச்சை வெளியே விடுவது, குழாய் வழியாக மெல்ல இழுப்பது, பத்து எண்ணும்வரை அடக்குவது, வாய் கொப்பளிப்பது என்று எல்லாம் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அவள் கொடுத்த, மூச்சின் வேகத்தை அளக்கிற கருவியில் தினம் காலையில் ஊதி, எண்ணைக் காலண்டரில் குறித்தார். இருநூற்று அறுபதில் ஆரம்பித்தது ஏப்ரல் கடைசியில் நானூறு தொட்டது, மதுக்கடையில் அதைக் கால்பந்து ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று காற்று நேராக ஆலிவ் தோப்பிலிருந்து வீசியது. காரில் போகலாம் என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நியெவெஸ் கையைப் பிடித்து நடந்தார். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டார். பேண்ட் வாத்தியமும் நின்றது. முன்பொரு மே மாதம் மூச்சு முட்டி அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியது என் கண் முன்னால் வந்தது. அவர் நிதானமாகக் கோட்டுப் பையிலிருந்து, மூச்சு முட்டும்போது மட்டும் போடுகிற நீல இன்ஹேலரை எடுத்தார். உன் தங்கை வெள்ளை உடை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் வழியோரக் கல் சுவரில் உட்கார்ந்து அவரையும் உட்கார வைத்தாள். "மெதுவாப்பா, பாதிரியாருக்கு வேற என்ன வேலை" என்றாள். அவர் மூச்சை அடக்க, வந்திருந்த அறுபது பேரும் சேர்ந்து சத்தமாகப் பத்து எண்ணினோம்! கால் மணி நேரத்தில் எழுந்து, "வா கண்ணு, மாப்பிள்ள ஓடிடப் போறான்" என்றார். கோயில் வாசலில் மகளை ஒப்படைத்தபோது அழுதது நான். சாயங்காலம் ஜன்னல் சாத்திய மண்டபத்தில் என்னோடு மூன்று பாட்டுக்கு ஆடினார், மூன்றாவதில் மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

நீயும் அவர் நெஞ்சோடு பிறந்தவன் லூசியோ. வெட்கப்படாமல் அங்கே ஒரு நர்ஸ் முன்னால் இன்ஹேலரை இழுத்துக் காட்டு, இதை மட்டும் மறக்காதே. நேற்று மதியம் சாப்பிட்டுப் படுத்தோம், எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷம் அவர் நெஞ்சின் விசில் சத்தத்தில் தூங்கிப் பழகியவள், சத்தமே இல்லை என்றதும் பயந்துபோய் அவரை உலுக்கிவிட்டேன். "உயிரோடதான்டி இருக்கேன், தூங்க விடு" என்று திரும்பிப் படுத்தார். நான் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். உனக்கும் அப்படி ஒரு மூச்சை மாதா அருளட்டும், மகனே.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா ஒப்துலியா