பிரபாகருக்கு நான் செய்த போன்

ஜூன் 3, செவ்வாய்

காலை அணிவகுப்பில் பெண்கள் இருவர் மயங்கி விழுந்தார்கள். சேலம் வெயில் அப்படி.

எஸ்.ஐ.யாகச் சேர்ந்து டி.எஸ்.பி. ஆன பிறகு, இந்தக் காவலர் பயிற்சிப் பள்ளியை நானே கேட்டு வாங்கினேன். "ஓரங்கட்டற போஸ்டிங்கைப் போய்க் கேக்கறியே சௌந்திரம்" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! இன்றைய பாடம்: புகார் வந்தால் எழுது, யார் போனுக்காகவும் நிறுத்தாதே.

சாயங்காலம் குமாரபாளையத்திலிருந்து அண்ணன் கண்ணுசாமி கூப்பிட்டார். அவருடைய விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்யும் பெருமாயி, வேறு பட்டறைக்குப் போகிறேன் என்றாளாம். கட்டையால் அடித்துவிட்டார். கை முறிந்து, ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள்.

"அம்மிணி, ஒரு வார்த்தை சொல்லு. பையனுக்கு நிச்சயம் வெச்சிருக்கறோமல்ல?"

அங்கே எஸ்.ஐ. பிரபாகர், பயிற்சியில் என் மாணவன். போன் போட்டேன். "பேசி முடிச்சுடு தம்பி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜூன் 4

புகார் வேண்டாம் என்று பெருமாயியிடமே எழுதி வாங்கிவிட்டானாம். சோறு இறங்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

புதியவர்களிடம் பேசப் பிரபாகரை அழைத்திருந்தார்கள். பேசிவிட்டு என் அறைக்கு வந்தான். ஏன் வழக்குப் போடவில்லை, நான் நடத்திய பாடமெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

வெள்ளந்தியாகச் சிரித்தான். "வகுப்புல சொன்னது பரீட்சைக்குங்க மேடம். போன்ல சொன்னதுதானுங்களே டூட்டிக்கு?"

கேலி இல்லை. நிஜமாகவே அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறான். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். சீ, என்ன பொழப்பு இது! இவனை மாதிரி எத்தனை பேரை அனுப்பியிருக்கேன் — எல்லாரும் இப்படித்தானா?

ஜூன் 15, ஞாயிறு

காக்கி போடாமல் பெருமாயி வீட்டுக்குப் போனேன். கையில் மாவுக்கட்டு. மறுபடி புகார் கொடு, நானும் கூட வருகிறேன் என்றேன்.

"நீங்க வந்தா எழுதுவாங்க. அன்னைக்கு நா ஒருத்தி போனப்ப எழுதலீங்களே. இன்னைக்கும் நானே போறேனுங்க. நீங்க வெளிய நில்லுங்க."

ஸ்டேஷன் வாசலில் நின்றேன். போன் அடித்தது — பிரபாகர். எடுக்கவில்லை. இந்த முறையாவது தானாகச் செய்யட்டும். மறுபடி அடித்தது. கையை இறுக்கிக்கொண்டேன்.

பெருமாயி வெளியே வந்தாள். "நீங்க போனை எடுத்தாத்தான் எழுதுவாராமுங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போனேன். அவள் புகாரைப் பதிந்ததும், அன்று நான் செய்த போனைப் பற்றி என் வாக்குமூலத்தையும் எழுதச் சொன்னேன்.

"மேடம், உங்க சர்வீஸ் என்னாகறது..."

"எழுது."

ஜூன் 20

அண்ணனைக் கைது செய்துவிட்டார்கள். "கூடப் பொறந்தவளாடி நீ?" — அண்ணி. மதியம் எனக்கு மெமோ வந்தது.

ஜூன் 23, திங்கள்

விசாரணை தொடங்கும்வரை வகுப்பு எடுக்கலாமாம். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கடைசி வரிசையில் அகல்யா என்ற பெண் எழுந்தாள்.

"நாளைக்கு நீங்களே எங்களுக்குப் போன் பண்ணினா, என்னம்மா செய்யட்டும்?"

"எடுக்காதே" என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.