உன் வில்லனுக்குள் இருந்தது

மாப்ள,

உன் வில்லன் திரும்பி வந்துவிட்டான். போன வாரம் ஒரு காலையில் கருப்பையா அண்ணன் அவனைக் கோணிச்சாக்கில் சுற்றி, மொபட்டில் முன்னால் வைத்துக் கொண்டுவந்து, வில்லாபுரத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் இறக்கினார். உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சந்தனம் அடை அடையாகக் காய்ந்திருந்தது. அதற்கு அடியில் லேசாக ரெசின் வாடை, உன் பட்டறை வாடை. அது மூக்கில் ஏறியதும் வந்தவரை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல் நின்றேன். "சாமிக்கும் சேத்து காபி போடவா, இல்ல ஒங்களுக்கு மட்டும் போதுமா?" என்று என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து கேட்டாள். அவளுக்கு எப்போதும் விளையாட்டுதான்.

உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரே சொல்லிவிடலாம். ஆனால் நீ என்னை எத்தனை வருசம் காக்க வைத்தாய்! இப்போது நீயும் கொஞ்சம் காத்திரு.

அந்த லோக்கல் கேபிள் சேனல் முதலாளி நம்மைக் கூப்பிட்டனுப்பியது நினைவிருக்கும். பொங்கலுக்குப் போட ஒரு படம் வேண்டும், வேற்றுக்கிரகக் கதை வேண்டும் என்றார். "இங்கிலீஸ் படம் கணக்கா இருக்கணும் தம்பி, செலவு மட்டும் நம்ம ஊர்ப் படம் கணக்கா இருக்கட்டும்." நான் கதை எழுதினேன். கிணறு வெட்டும்போது ஒரு பொருள் கிடைக்கிறது. நம்ம ஊர் மலைகளைவிட வயதில் மூத்தது, வேறு கிரகத்தார் விட்டுப்போனது. தொட்டவர்களுக்கு எல்லாம் மறந்துபோகும். முதலில் வீட்டுக்குப் போகும் வழி, பிறகு பெற்ற பிள்ளையின் முகம், கடைசியில் தன் பெயர். அதை உடைத்து அழிப்பதுதான் க்ளைமாக்ஸ்.

அதைச் செய்ய உன்னை விட்டால் யார்? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கல்யாண மேடைகளுக்கு அன்னப்பறவையும் யானைத் தலையும் பைபரில் வார்த்துக்கொண்டிருந்தாய். மனுசனுக்குப் புரியாத எழுத்து அதன் மேல் இருக்க வேண்டும் என்று கேட்டேன். நீ வெளியே போய் ஒரு பழைய பஸ் டயரை உருட்டிவந்து, அதன் தடத்தைக் களிமண்ணில் அச்செடுத்தாய். "படிச்சுப் பாரு. புரியுதா? புரியலைல, பெறகென்ன?" என்றாய். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பொருள் தயாரானது. குடம் அளவு, கன்னங்கரேலென்று, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல. இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியிருந்தாய். கையில் வாங்கித் தூக்கினேன், உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது.

"உள்ள என்னத்தடா போட்ட?"

"சஸ்பென்ஸ். க்ளைமாக்ஸ்ல ஒடைப்பேல்ல, அப்பப் பாத்துக்க."

நச்சரித்துப் பார்த்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. சரி, எப்படியும் உடைக்கத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

திருநகர் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் கருப்பையா அண்ணனின் சோளக்காடு. அங்கேதான் படப்பிடிப்பு. வேனில் போகிற வழியெல்லாம் உனக்குக் கடுப்பு. சட்டைப்பையில் வைத்திருக்கும் அத்தர் குப்பியை டவுன் பஸ்ஸில் எவனோ அடித்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே வந்தாய். "பர்ச விட்டுட்டு அத்தர எடுத்திருக்கான் பாரு. குளிக்காத பய போல" என்றாய். வேன் டிரைவர்கூடச் சிரித்தார். கிணற்று மேட்டில் அந்தப் பொருளைப் பாதி புதைத்து, அன்றைக்கு எடுக்க வேண்டியதை எடுத்தோம். மறுநாளும் அதே இடம்தான் என்பதால் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். வெளியூர்க்காரன் என்றால் தெரியாமல் ஒரு கல்லை வயலில் விட்டுவிட்டு வரலாம். நாம் இந்த மண்ணில் பிறந்தும் அந்தத் தப்பைச் செய்தோம்.

காலையில் போனால் உன் வில்லனுக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. சந்தனம், குங்குமம், செவ்வரளி மாலை. சுற்றிலும் பெண்கள். ராத்திரி மழை பெய்திருந்தது, ரொம்ப நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்த மழை. "மழ மட்டுமில்லய்யா, கிட்டப் போயி நில்லுங்க, கல்லு மணக்குது" என்றார் ஓர் அம்மா. நான் போய் நின்றேன். சந்தன வாசம் என்று நினைத்தேன். நீ என் காதருகே வந்து, "நான் செஞ்சது வில்லன் மாப்ள. வில்லனுக்குப் போயி மாலை போட்டிருக்காக" என்றாய். உன் முகத்தில் பாதி பயம், பாதி பெருமை.

ஆனாலும் நீ மறைக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் உன்னை மெச்சுகிறேன். "அண்ணே, இது கல்லில்ல, பைபர். நாந்தான் செஞ்சேன். எழுத்துன்னு நெனைக்காதீக, அது பஸ் டயர் தடம்" என்றாய். கருப்பையா அண்ணன் அசரவில்லை.

"செஞ்சது நீங்கதான் பாய், இல்லேங்கல. இப்ப உள்ள வந்து உக்காந்துருக்கது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

நம்மிடம் இருந்ததோ அந்த ஒரு பொருள்தான், க்ளைமாக்ஸ் வேறு பாக்கி. எடுத்துப்போய் உடைக்கிறோம் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? எடுத்துப்போகலாமா என்று மட்டும் கேட்டோம். பூக்கட்டிப் போட்டுப் பார்ப்போம் என்றார்கள். ஓர் இலையில் வெள்ளைப்பூ, ஓர் இலையில் சிவப்புப்பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி அதன் முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் நம்மோடு வரும், சிவப்பு வந்தால் அங்கேயே இருக்கும். "செஞ்ச கை எடுக்கட்டும்" என்று உன்னையே எடுக்கச் சொன்னார் அண்ணன். நீ ஒரு நிமிசம் கண்ணை மூடி நின்றாய். எடுத்துப் பிரித்தாய். சிவப்பு.

குலவைச் சத்தத்தில் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நீதான் வந்து உலுக்கினாய். "எதுக்குடா ஒடைக்கணும்? அம்புட்டுக் காலமா மண்ணுக்குள்ள தனியாக் கெடந்துச்சு, ஒருத்தரும் கண்டுக்கல, அதான் கோவம். இந்தப் பொம்பளைக பாத்துக்கிட்டாக, கோவம் போயிருச்சு. அப்படியே எடு." அப்படியே எடுத்தோம். ஊரே படத்தைப் பார்த்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கருப்பையா அண்ணன் ஊர் பார்த்தது.

க்ளைமாக்ஸ் மாறியது, என் கேள்வி மாறவில்லை. உள்ளே என்ன? பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். டீக்கடையில், உன் மகள் கல்யாணப் பந்தியில், கடைசியாக ஆஸ்பத்திரியிலும் கேட்டேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாயே ஒழியச் சொல்லவில்லை. நீ மவுத்தானபோது அழுதேன். அழுகைக்கு நடுவிலும், படுபாவி சொல்லாமலே போய்விட்டானே என்று தோன்றியது.

சோளக்காட்டில் உன் வில்லனுக்குப் போட்ட கோயிலில் இப்போது தகரக் கூரை போய் கான்கிரீட் வருகிறதாம். நிஜக் கருங்கல்லில் புதிதாகச் செய்து வைத்துவிட்டார்களாம். "பழச கெணத்துல விடுறதுதான் வழக்கம். பாய் கையால செஞ்சதாச்சே, கேக்காம விட மனசு வரல" என்றார் கருப்பையா அண்ணன். அவர் போனதும் தூக்கி ஆட்டினேன். கடகட. அதே சத்தம்!

உன் மகளுக்குப் போன் செய்தேன். பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். வந்தாள். டயர் தடத்தின் மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். உன் அன்னங்களும் யானைகளும் என்றைக்கோ பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. உன் கை வார்த்ததில் முழுசாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அறுத்தால் அதுவும் போய்விடும். அறுக்காவிட்டால் நான் சாகும்வரை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"உள்ள என்னன்னு அத்தா ஒங்கிட்டயாச்சும் சொன்னானா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அத்தாவுக்கே தெரியாது மாமா. ஒட்டி முடிச்சப்பறந்தான் சத்தம் கேட்டுச்சாம். தெரியாதுன்னா நீங்க கேலி பண்ணுவீகன்னு சஸ்பென்சுன்னு அடிச்சு விட்டாராம். 'உள்ள என்னவா இருக்கும்'னு எங்க அம்மாகிட்ட கேட்டுக்கிட்டே இருப்பாரு."

அடப்பாவி. இத்தனை வருசமும் இரண்டு பேரும் ஒரே கேள்வியோடுதான் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம்.

"வேணாம்மா, முழுசா நீயே எடுத்துட்டுப் போ" என்றேன்.

"இல்ல மாமா. அத்தாவுக்குத் தெரியணும்" என்றாள். கட்டிங் மெஷினைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஒட்டிய இடம் பார்த்து, கோடு பிசகாமல் சுற்றி அறுத்தாள். இரண்டு பாதியும் பிரிந்தன.

கேட்டுக்கொள் மாப்ள. உள்ளே இருந்தது உன் அத்தர் குப்பி. ஒட்டுவதற்குக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்கிறது. மூடி கழன்று, குப்பி காய்ந்துபோய்க் கிடந்தது. ஆனால் அந்த வாசம் அத்தனை வருசமும் அதற்குள்ளேயே அடைந்து கிடந்து, சட்டென்று வீடு முழுக்க நிறைந்தது. நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முன்னால் வந்துவிடுமே, அதே வாசம். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, "யாரு, பாய் வந்துருக்காரா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் அவளுக்கே உறைத்தது. உன் மகள் ஒரு பாதிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு "அத்தா" என்றாள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒட்டு நன்றாகக் காய்வதற்குள் விளிம்பு வழியே கொஞ்சம் கசிந்திருக்க வேண்டும். கல்லு மணக்குது என்று அந்த அம்மா சொன்னாரே, உன்னைத்தான் சொல்லியிருக்கிறார். கருப்பையா அண்ணனிடம் போனில் சொன்னேன். "அப்ப உள்ள உக்காந்துருந்தது பாய்தானா?" என்று சிரித்தார். உன் மகளிடம் அதைச் சொன்னபோது, "அத்தா கேட்டிருந்தா தவ்பா தவ்பான்னு கன்னத்துல போட்டுக்குவாரு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பாதியை அவள் எடுத்துப்போனாள், பாதி என்னிடம். காலிக் குப்பியை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். இதை எழுதும்போது அது என் சட்டைப்பையில் இருக்கிறது. பத்திரமாகக் குனிகிறேன்.

அதைத் தொட்டவர்களுக்கு எல்லாம் மறந்துபோகும் என்று கதை எழுதினேன். தப்பாக எழுதிவிட்டேன் மாப்ள.