மோட்டார் மேல் பூந்தொட்டி

ஸ்டீவன்சன்,
9 ஆகஸ்ட் 1998

அன்புள்ள மேவிஸ் (இப்படி அழைக்கலாம்தானே, நீதிபதி இன்னும் தடை போடவில்லை),

நலம். உன் நலம் உன் அக்கா மூலம் வந்து சேருகிறது.

வக்கீல்கள் சொத்துப் பிரித்த அழகைப் பார். படகு எனக்கு, அதன் மோட்டார் உனக்கு! வெயிலில் கொலம்பியா ஆறு வெந்நீராகிவிட்டது. ஆற்றில் ஏறிவரும் சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களெல்லாம் ட்ரானோ ஏரியின் குளிர்ந்த தண்ணீரில் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஊரே தூண்டிலில் பொய்மீனைக் கட்டி, மோட்டார் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வட்டமடிக்கிறது. நான் மட்டும் துடுப்பு வலிக்கிறேன். நேற்றுப் பின்னால் வந்தவன் கத்தினான்: "யோவ் பெருசு, போறியா, மிதக்குறியா?"

ஆறு குளிர்ந்ததும் மீன்கள் கிளம்பிவிடும். மோட்டாரைக் கொடு, விவாகரத்துக் காகிதத்தில் உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

தோள்பட்டை போன
ஹார்லன்

காஸ்கேட் லாக்ஸ்,
14 ஆகஸ்ட்

ஹார்லனுக்கு,

முதலில் கையெழுத்து, பிறகு மோட்டார். இப்போது அதன் மேல் என் பூந்தொட்டி இருக்கிறது. பார்க்க லட்சணமாகவே இருக்கிறது.

உனக்கு மறுபடி பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. பண்ணையில் வளர்த்த மீனுக்கு முதுகில், வாலுக்கு முன்னால் உள்ள சின்னத் துடுப்பை வெட்டியிருப்பார்கள். அது இருந்தால் ஆற்றிலேயே பிறந்த மீன், சட்டப்படி விட்டுவிட வேண்டும். போன வருஷம் நீ பிடித்த மீனுக்கு அது இருந்தது. வலை பிடித்த நான் அதை விட்டுவிட்டேன். அதற்கு நீ ரெட்டாவின் தூண்டில் கடையில் நின்று, "எம் பொண்டாட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்றாய்.

மீனுக்காக நான் வீட்டை விட்டுப் போகவில்லை. கடையே சிரித்தது, நீயும் சேர்ந்து சிரித்தாய். அதற்குத்தான் போனேன். இன்னும் வலிக்கிறது.

மேவிஸ்

ஸ்டீவன்சன்,
23 ஆகஸ்ட்

மேவிஸ்,

நேற்று ஒரு பெரிய ஸ்டீல்ஹெட் மாட்டியது. தூண்டிலைப் பிடித்தால் துடுப்பு போகிறது, துடுப்பைப் பிடித்தால் மீன் போகிறது. படகு குறுக்கே திரும்பி, ஊரார் தூண்டில் நூலெல்லாம் என் கழுத்தில். வலை பிடிக்க ஆளில்லை. எப்படியோ பக்கத்தில் இழுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். முதுகில் நீ சொன்ன சின்னத் துடுப்பு இருந்தது. விட்டுவிட்டேன்.

கரையில் ரெட்டா, "என்ன ஹார்லன், உனக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அன்று எப்படி நின்றிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

காகிதம் மேசை மேல்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமென்றால் வீட்டில் ஒரு பேனாவும் எழுத மாட்டேன் என்கிறது.

ஹார்லன்

காஸ்கேட் லாக்ஸ்,
27 ஆகஸ்ட்

அன்புள்ள ஹார்லன்,

ஒரு பேனாவும் எழுதவில்லை என்பதைப் பேனாவால்தானே எழுதியிருக்கிறாய்? சிரித்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன்.

ரெட்டா போன் செய்தாள். அவ்வளவு பேர் முன்னால் நீ படகு மேல் ஏறி நின்று, "போன வருஷ மீனுக்கும் துடுப்பு இருந்துச்சுய்யா! மேவிஸ் சொன்னதுதான் சரி!" என்று கத்தினாயாமே. கத்திவிட்டுத் தண்ணீரில் விழுந்தாயாமே. இதை விட்டுவிட்டா எனக்குக் கடிதம் எழுதுவாய், மடையா?

பூந்தொட்டியை இறக்கிவிட்டேன். சனிக்கிழமை காலை மோட்டாரோடு படகுத்துறைக்கு வருகிறேன். மோட்டார் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். வலை உன் கையில்.

அந்தக் காகிதத்தையும் எடுத்து வா. மீன் கிடைத்தால் சுற்றிக்கொள்ளலாம். துடுப்பு வெட்டிய மீனாக இருந்தால் மட்டும்.

உன்
மேவிஸ்