பதில் சொல்லக் கூடாத கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

மாலை வகுப்புக்குப் போய்வந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் இந்த ஹெஸ்டருக்கு எதற்குப் பள்ளிக்கூட ஆங்கிலப் பரீட்சை என்று கடைத்தெருவே என்னைக் கேட்கிறது. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று பார்ஜெட்டர் டீச்சர் எழுதுகிறவர்களின் தந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தாள். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்குவது, எதையும் மூன்றாகச் சொல்வது, ஊதிப் பெரிதாக்குவது, அடக்கி வாசிப்பது. கடைசியாக, பதிலை எதிர்பார்க்காமல் கேட்கும் கேள்வி. கேட்டதும் கூட்டம் வாயடைத்துப்போய்த் தலையாட்ட வேண்டுமாம்.

அடக்கி வாசிப்பதை எங்கள் வட இங்கிலாந்து யார்க்‌ஷயர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவும் வேண்டுமா? மகள் பிறந்தபோது என் புருஷன் க்ளெம் தொட்டிலை எட்டிப் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தை: "மோசமில்ல."

மார்ச் 6

சேற்று பூட்ஸோடு கம்பளத்தில் ஏறிவிட்டான் க்ளெம். புதிதாகக் கற்றதை அவன்மேல் வீசிப் பார்த்தேன்: "எத்தனை தடவை சொல்றது?"

நின்று யோசித்தான். "இந்த வாரமா? நாலு."

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவான். என்ன பிறவியோ!

மார்ச் 15

தலையில் இடி. க்ளெம் மாதிரி ஆட்கள் பயிர் செய்யும் ஊர்ப் பொதுக் காய்கறிப் பாத்திகளை மூடிவிட்டு, கார் நிறுத்த இடம் செய்யப் போகிறார்களாம். திட்டம் ரூபர்ட் வேனுடையது. ஊர்மன்ற உறுப்பினர், லண்டனில் வக்கீலாக இருந்து வந்தவர், வாயைத் திறந்தால் வெண்ணெயாக வழுக்கும். ஏப்ரல் 9 கூட்டத்தில் ஊரார் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும்.

க்ளெம் தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கினான். அவன் சர்க்கரையே போடுவதில்லை.

பஸ் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து அவனுக்கு எல்லாமே அந்தப் பாத்திதான். அது போனால் இந்த மனுஷன் என்ன ஆவான்? நாள் முழுக்க என் சமையலறையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கை எப்படி உரிப்பது என்று எனக்கே பாடம் எடுப்பான். சிரிப்பும் வருகிறது. அழுகையும் வருகிறது.

மார்ச் 18

பேச்சை நான் எழுதுகிறேன், அவன் பேசுகிறான் என்று முடிவு. கற்ற வித்தை அத்தனையும் இறக்கிவிட்டேன். "மண், மனசு, மானம்!" மோனையும் ஆச்சு, மூன்றும் ஆச்சு.

படித்துவிட்டு க்ளெம் கேட்டான்: "மானம் எதுக்கு? நான் பாத்தியில லீக் வெங்காயத் தண்டுதானே போடறேன்?"

மார்ச் 27

ஒத்திகை. "நம் தாத்தாக்கள் இதற்காகவா உழைத்தார்கள்?" என்று கேட்டுவிட்டு, கூட்டத்தை ஒரு பார்வை பார்க்க வேண்டிய இடம். பார்த்தான். பிறகு என்னிடம், "எங்க தாத்தா எங்க உழைச்சாரு கண்ணு? குதிரைப் பந்தயமே கதின்னு கெடந்தாரு."

"அது பதில் சொல்ற கேள்வி இல்லப்பா!"

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 8

நாளை கூட்டம். பேச்சை நான் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கோ எந்தக் கோட்டைப் போடுவது என்ற கவலை.

ஏப்ரல் 10

நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

கூடத்தில் உட்கார இடமில்லை. முதலில் வேன் பேசினார். சும்மா சொல்லக் கூடாது, வித்தை தெரிந்த ஆள். "வசதி, வியாபாரம், வளர்ச்சி" என்றதும் ஒரே கைதட்டல். என் மூன்றைவிட நல்ல மூன்று, பாவி! பாதிப் பேர் அவர் பக்கம் சாய்வதைக் கண்ணால் பார்த்தேன். க்ளெமின் பாத்தி போச்சு என்றே நினைத்துவிட்டேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. இந்தச் சேத்துத் திட்டு இன்னைக்கு யாருக்கு வேணும்?" என்று நிறுத்தினார்.

டீச்சர் சொன்ன அதே அமைதி.

என் பக்கத்தில் ஒரு கை மேலே போனது.

"எனக்கு வேணும்," என்றான் க்ளெம்.

கோட்டைப் பிடித்து இழுத்தேன். "ஐயோ, கையை இறக்கு! அது பதில் சொல்ற கேள்வி இல்ல!"

"கேட்டாரே," என்றான்.

வேன் சிரித்துச் சமாளித்தார். "சரி, ஒருத்தருக்கு வேணுமாம்!"

எங்கள் ஊரில் யாரும் எழுந்து நின்று எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஆனால் ஒருவன் தன்னந்தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதா? அது மரியாதை இல்லையே. அதிலும் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் லீக் தண்டு வைத்துவிட்டுப் போகிறவன். ரொட்டிக்கடை மேவிஸ் பின்னாலிருந்து, "எனக்கும்தான் வேணும், எழுதிக்கோங்க!" என்றாள். அவள் வரிசை முழுக்கக் கையைத் தூக்கியது. அடுத்த வரிசையும் தூக்கியது. போன கோடையில் க்ளெமோடு சண்டை போட்டவன்கூடத் தூக்கினான்.

ஊர்மன்றத் தலைவி த்வெயிட்டம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

"வாக்கெடுப்பு இன்னும் வரலியே!" என்றார் வேன்.

"கேள்வி நீங்கதானே கேட்டீங்க?" என்றார் த்வெயிட்டம்மா.

பிறகு முறைப்படியும் எண்ணினார். ஊர் பார்க்கத் தூக்கிய கையை எவன் இறக்குவான்? பாத்தி தப்பித்தது. நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

என் மண்ணும் மனசும் மானமும் கடைசிவரை க்ளெமின் கோட்டுப் பையைவிட்டு வெளியே வரவில்லை. திரும்பும் வழியில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "படிக்கத்தான் வாய்க்கல. எழுத்து மோசமில்ல."

ஏப்ரல் 15

டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பாடத்தில் இது இல்லையே," என்றாள்.

மே 2

புதுக் கம்பளம் விரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாத்தியில் பறித்த ருபார்ப் தண்டு கை நிறைய இருக்க, பூட்ஸைக் கழற்றாமல் அதன் நட்டநடுவில் வந்து நிற்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன்னோட எவ குப்பை கொட்டுவா?" என்று கத்தினேன்.

க்ளெம் நிஜமாகவே சுற்றுமுற்றும் பார்த்தான், யாராவது கையைத் தூக்குகிறார்களா என்று.

என் கை முழுக்க மாவு. இருந்தாலும் தூக்கினேன்.